தெருவுக்கு வந்த பெயர்

9

மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து காய்கறிக் கூடையைக் கயிற்றில் இறக்கும்போது உம்மு ஹைஸம் இப்போதெல்லாம் கீழே பார்ப்பதில்லை. கண்ணை எதிர்வீட்டுச் சுவரின்மேல் வைத்துக்கொண்டு, கையை மட்டும் கயிற்றோடு விட்டிருப்பாள். கனம் தெரிந்ததும் இழுத்துக்கொள்வாள்.

"முட்டைக்கோஸ் நல்லதா பாத்துப் போட்டியா?"

"உங்களுக்குப் போடாம வேற யாருக்குப் போடப் போறேன், உம்..." என்று தொடங்கிய காய்கறிக்காரன் பாதியில் நின்றான்.

எத்தனையோ வருஷமாக உம்மு ஹைஸம், அதாவது ஹைஸமின் அம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்டவன். இப்போது அந்த அழைப்பு வரும் வழியில் வேறொரு பெயர் வந்து குறுக்கே நின்றுகொள்கிறது. இரண்டையும் விழுங்கிவிட்டு, "...சகோதரி" என்று முடித்தான்.

அந்த வேறொரு பெயர் தஃபீதா.

மூன்று வாரத்துக்கு முன்பு வரை இந்தக் கர்மூஸ் வட்டாரத்தில் அதை அறிந்தவர்களை ஒரு டாக்ஸியில் ஏற்றிவிடலாம். இன்று அலெக்சாந்திரியாவின் ட்ராம் நிறுத்தங்களில், கெய்ரோவின் கல்யாண வீடுகளில், பேருந்துகளின் பின்சீட்டில் எல்லாம் அது பாடப்படுகிறது. பாட வைத்தவன் அவளுடைய சின்ன மகன் நாஜி. மல்ஹ், அதாவது உப்பு, என்று பட்டம் வைத்துக்கொண்டு ராப் பாடுகிறவன். எந்தப் புகைப்படத்திலும் சிரிக்காதவன். தன்னுடையதல்லாத கார்களின்மேல் சாய்ந்து நிற்பவன். 'என்னை வளர்த்தது துறைமுகம்' என்று பேட்டி கொடுத்தவன். துறைமுகம் வளர்த்த அந்தப் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுவான். அது வீட்டுக்குள் இருக்கிற விஷயம்.

சுறா என்ற பெயரில் பாடும் கெய்ரோக்காரன் ஒருவன் இவனோடு மல்லுக்கு நின்றான். பாட்டுக்குப் பாட்டு இருவரும் திட்டிக்கொண்டார்கள். ஒரு பாட்டில் அவன், 'உங்க அம்மா பேரு என்னடா, சொல்லேன் பாப்போம்' என்று கேட்டான். அம்மாவின் பெயர் வெளி ஆண்களின் வாயில் விழுவதே அங்கே மானக்கேடு; தெருவில் வளர்ந்த எந்தப் பையனுக்கும் அதைவிடக் கெட்ட கேள்வி கிடையாது. நாஜி பதில் சொன்னான்.

*பேரைச் சொல்லிப் பயமுறுத்தப் பாத்தியா?*
*தஃபீதா பெத்தவன்டா நான், நானே சொல்றேன்.*
*எடுத்துக்கோ. இனி உன் கையில கத்தி இல்ல.*

கத்தி இல்லைதான். ஆனால் பெயர் தெருவில் கிடந்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் எடுத்துப் பார்த்தான்.

"ஏய் உம்மு ஹைஸம்!" பக்கத்து பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த உம்மு நாதிர், வாயில் கவ்விய கிளிப்புகளோடு கூப்பிட்டாள். "முகத்தை ஏன் அப்படித் தொங்கப் போட்டிருக்கே? உன் பேரை ஊரே பாடுது. எம் பேரை என் புருஷனே கடைசியா எப்போ சொன்னார்னு எனக்கு ஞாபகமில்ல."

"உனக்கு விளையாட்டா இருக்கு."

"அல்லாஹ்மேல ஆணையா சொல்றேன், பொறாமையா இருக்கு. நேத்து எங்க வீட்டு மனுஷன் பல் விளக்கும்போது உன் பாட்டைத்தான் முனகறார். பிரஷ்ஷைப் பிடுங்கிட்டேன்."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று அவளிடம் இருந்தது. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில், அந்தப் பாட்டைத் தினமும் கேட்கிறாள். அந்த வரி வந்ததும் விரலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்கிறாள். கூச்சமாக இருக்கும். கூச்சம் தீர்ந்த பிறகு வேறெதுவோ வரும். கல்யாணமாகி எங்கோ தூரதேசம் போய்விட்ட ஒரு தோழி, ரயிலிலிருந்து இறங்கி, பெட்டியோடு வாசலில் நிற்பது போல.

*

முட்டைக்கோஸ் இலைகளை வெந்நீரில் போட்டு எடுத்து, நரம்பு சீவி, அரிசிக் கலவையை வைத்து மஹ்ஷி சுருட்ட ஆரம்பித்தபோது ஹைஸம் படியேறி வந்தான். கீழே கார் பேட்டரிக் கடை வைத்திருக்கிற மூத்தவன். நடுப்பகலுக்கு முன்பே அவன் மேலே வருவது வழக்கமில்லை.

"கடை?"

"ஷட்டரை இறக்கிட்டேன்."

"ஏன்டா?"

"ஒருத்தன் பேட்டரி மாத்த வந்தான். நான் கீழே குனிஞ்சு வேலை பாக்கறேன், அவன் ஸ்டியரிங்ல தாளம் போட்டுட்டு அதைப் பாடறான். எனக்கு முன்னாடியே. நான் யாருன்னு தெரியாம பாடறானா, தெரிஞ்சு பாடறானான்னு தெரியல. எதுவா இருந்தா என்ன? பழைய பேட்டரியையே திருப்பி மாட்டி அனுப்பிட்டேன்."

"அவன் என்ன பண்ணுவான், பாவம்."

"அவன் ஒண்ணும் பண்ணல. பண்ணினவன் கெய்ரோவுல ஏசி போட்டுத் தூங்கறான்."

அவன் பேசும்போது மேலுதட்டில் இருந்த தழும்பு வெளுத்தது. அது நாலாம் வகுப்பில் வாங்கியது. அவளுடைய பெயரை எப்படியோ தெரிந்துகொண்ட ஒரு பையன் இடைவேளையில் அதை ராகம் போட்டுக் கத்தியிருக்கிறான். ஹைஸம் அடித்தான், நான்கு பேர் சேர்ந்து இவனை அடித்தார்கள். ரத்தம் வழிய வீட்டுக்கு வந்தவனை மடியில் கிடத்தி, தொட்டிலில் கிடந்த நாஜிக்கும் கேட்கட்டும் என்பது போல அவள்தான் சொன்னாள்: "எம் பேரை யாருக்கும் சொல்லாதீங்க. எவன் கேட்டாலும், எப்படிக் கேட்டாலும்."

பெரியவன் அதைக் கடைப்பிடித்தான். போனில்கூட அவள் நம்பரை 'வீடு' என்றுதான் போட்டு வைத்திருக்கிறான்.

"இன்னிக்கு அவன் வரான்" என்றாள்.

"யாரு?"

"நாஜி. மேனேஜரையும் கூட்டிட்டு. ஏதோ பேசணுமாம்."

ஹைஸம் அடுப்பைப் பார்த்தான். பெரிய பாத்திரம் இருந்தது.

"அதான் மஹ்ஷியா? ஊர்ல மானத்தை வித்துட்டு வரவனுக்கு விருந்து!"

"உனக்கும்தான்டா. உட்காரு, இலையைச் சீவு."

கோபத்தோடு உட்கார்ந்தான். கோபத்தோடு சீவினான். ஆனால் ஒழுங்காகச் சீவினான்.

*

நாஜி உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றினான். அவள் கையை எடுத்து முத்தமிட்டான். போட்டோக்களில் இருக்கிற ஆள் வாசலிலேயே நின்றுவிட்டான் போல. உள்ளே வந்தது மெலிந்து, தூக்கமில்லாத கண்ணோடு இருந்த அவள் பையன்.

"எளச்சுட்டியே கண்ணு."

"கேமராவுல நல்லா இருக்கும்மா."

"நான் கேமராவா?"

பின்னால் வந்த மேனேஜர் ஜியாத் இளம்வயதுக்காரன். கையில் இரண்டு போன், முகத்தில் ஒரே புன்னகை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். ஹைஸம் கை கொடுக்கவில்லை. தம்பியைப் பார்க்கவுமில்லை.

மஹ்ஷி குவித்த தட்டு நடுவில் வந்தது. சூட்டோடு சாப்பிட்டார்கள். ஜியாத்தான் பேச்சை ஆரம்பித்தான், அவளிடமில்லை, ஹைஸமிடம்.

"அண்ணே, அன்னையர் தினம் வருதில்ல. ஒரு பெரிய போன் கம்பெனி. பேரு இப்ப சொல்ல முடியாது. அவங்களுக்கு இந்தப் பாட்டு வேணும். விளம்பரம், நாடு முழுக்க போர்டு, ஸ்டேடியத்துல கச்சேரி. முன்னாடி மல்ஹ் பசங்களுக்கு மட்டும் பாடினவன். இப்ப அந்தப் பசங்களோட அம்மாங்களும் கேக்கறாங்க. இது வேற உயரம். குடும்பத்துல பெரியவர் நீங்க. உங்க சம்மதத்தை இந்த போன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"எதுக்குச் சம்மதம்?"

"பேருக்கு."

"எந்தப் பேருக்கு?"

ஜியாத் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அம்மா பேருக்கு."

"உன் வீடு இடிஞ்சு போக! எங்க வீட்டுச் சாப்பாட்டை வாயில வெச்சுக்கிட்டே கேக்கறியே!"

"அண்ணே, கொஞ்சம்..." என்றான் நாஜி.

"நீ பேசாதே! அவன் கேள்வி கேட்டான்னா வாயை மூடிட்டு இருக்க வேண்டியதுதானே? நான் நாலாங்கிளாஸ்லேர்ந்து மூடிட்டு இருக்கேன். உதடு கிழிஞ்சுது, அப்புறமும் எவன் கேட்டும் சொன்னேனா?"

"அவனுக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணே."

"என்ன?"

"சுறாவுக்கு. இந்தத் தெருவுலயே யாரோ சொல்லிட்டாங்க. அடுத்த பாட்டுல போடப் போறான்னு ஸ்டுடியோ பையன் எனக்கு அனுப்பினான். அவன் போட்டிருந்த வரியை உனக்குச் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கும் சொல்ல மாட்டேன். அதுக்கு முன்னாடி நான் நல்லபடியா சொல்லிட்டா, அவனோட வரி செத்துடும்னு நெனச்சேன். செத்துடுச்சு. அவன் அதை வெளியிடவே இல்ல."

ஹைஸம் கையிலிருந்த சுருளைத் தட்டில் வைத்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ இரும்புக் கம்பியோட கெய்ரோ பஸ்ல ஏறியிருப்பே."

"ஏறியிருப்பேன்தான்."

"அதான் சொல்லல."

அண்ணன் தம்பி இருவருக்கும் உதட்டோரம் ஒரே நேரத்தில் ஏதோ அசைந்து, ஒரே நேரத்தில் அடங்கியது. இருவருக்கும் அவர்கள் அப்பாவின் வாய். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயரைப் பற்றி மூன்று ஆண்கள் பேசுவதை, அறையில் அந்தப் பெயருக்குரியவள் இல்லாதது போலப் பேசுவதை, வேறொரு வீட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருந்தது.

"என்கிட்ட?" என்றாள்.

மூவரும் திரும்பினார்கள்.

"அண்ணன்கிட்ட சொல்லாதது சரி. எம் பேரை எடுத்து ஊருக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி, என்கிட்ட கேட்டியாடா?"

நாஜியிடம் எல்லாவற்றுக்கும் எதுகையோடு பதில் உண்டு. இப்போது தட்டிலிருந்த சுருளைப் பிரித்து மூடினான்.

"சரி, போனது போகட்டும்" என்றாள். "விளம்பரத்துல நான் என்ன பண்ணணும்?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, மனதின் ஒரு மூலையில் விளம்பரம் என்றதிலிருந்து எந்த உடுப்பு, எந்தத் தலைத்துணி என்று யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

ஜியாத்தின் புன்னகை முதல்முறையாகத் தடுமாறியது. நாஜி தரைவிரிப்பைப் பார்த்தான்.

"நீங்க சிரமப்பட வேண்டாம்மா" என்றான் ஜியாத். "அம்மா வேஷத்துக்கு ஒரு நடிகை பேசியிருக்கோம். பெரிய ஆள். ஷூட்டிங்குக்கு உங்க பழைய அங்கி ஒண்ணு மட்டும் கிடைச்சா போதும்."

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. எழுந்து கத்தியது ஹைஸம்.

"ஏன்? எங்கம்மாவுக்கு என்ன குறைச்சல்?"

"அண்ணே, நீங்கதானே இப்ப..."

"பேரைச் சொல்லக்கூடாதுன்னு நான் சொல்றது வேற! பேரை மட்டும் எடுத்துக்கிட்டு ஆளை வேண்டாம்கறது வேற! எங்கம்மா பேருல இன்னொருத்தி வந்து நிப்பாளா? எங்கம்மா மூக்குக்கு என்ன? கண்ணுக்கு என்ன?"

"யாரும் குறை சொல்லலண்ணே. நாஜி போட்டோ காட்டினான். கம்பெனியில என்ன சொன்னாங்கன்னா... அம்மா கொஞ்சம்..." ஜியாத் தன் தோள்களைக் கையால் அகலமாகக் காட்டினான். "கொஞ்சம் தைரியமா இருக்காங்க. அவங்க மனசுல இருக்கற தஃபீதா மெலிஞ்சு, வெள்ளைத் தலைத்துணி போட்டு, ஜன்னல்கிட்ட உட்கார்ந்து மகனுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. கண்ணுல தண்ணி நிக்கணும்."

தஃபீதா தன்னைப் பார்த்துக்கொண்டாள். மீன் பதப்படுத்தும் ஆலையில் பெட்டி தூக்கித் தூக்கி அகன்ற தோள். மருதாணிச் சிவப்பேறிய முடி. கணவன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவளுக்கு ஜன்னல் பக்கம் உட்கார நேரமிருந்ததில்லை. அழுததும் அதிகமில்லை, அழுதபோது யாரும் பக்கத்தில் இருந்ததில்லை.

"நீ என்னடா சொன்னே?" என்று நாஜியைக் கேட்டாள். "அவங்க அப்படிச் சொன்னப்போ?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"ஏன்?"

"எனக்கும் ஆள் மாத்தித்தானே வெச்சிருக்காங்க. போட்டோவுல நிக்கறவன் நானா? பழகிப்போச்சு. உனக்கும் அப்படியே ஆகட்டும், உன்னை யாரும் பாக்காம இருக்கட்டும்னு... பேரு வெளியே போயிடுச்சு, முகமாவது வீட்டுக்குள்ள இருக்கட்டும்னு நெனச்சேன்." தயங்கினான். "இந்த விளம்பரம் இல்லேன்னா எனக்குக் கஷ்டம்தான்மா. சுறா ஆளுங்க இப்பவே என்னை அம்மாப்பிள்ளைன்னு சிரிக்கறாங்க. பழைய மல்ஹாவும் இல்ல, புதுசாவும் இல்லன்னு நடுத்தெருவுல நிப்பேன்."

அப்போது வாசலில் தட்டும் சத்தம் கேட்டது.

*

வந்தவளை மூச்சு வாங்கவைத்தே படிகள் மேலே அனுப்பியிருந்தன. உயரம், மெலிவு, தோளில் சரியும் விலையுயர்ந்த சால்வை.

"மன்னிக்கணும். ஜியாத், உனக்காகக் கார்ல உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போச்சு. கீழே பசங்க வேற கண்ணாடியைத் தட்டறாங்க."

ஹைஸமின் வாய் திறந்தது. கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"மேடம் ஸவ்ஸன்! நீங்க... ரமலான் டிவி தொடர்ல செத்துப்போனீங்களே!"

"போன வருஷம் மட்டும் மூணு தடவை செத்தேன் மகனே. எதுல பாத்தே?"

"ஆஸ்பத்திரியில, மகன் வந்து சேர்றதுக்கு முன்னாடி..."

"ஆ, அது நல்ல சாவு."

தஃபீதா அவளை உட்காரச் சொன்னாள். தட்டு வைத்தாள். வந்தவள் வயிறாரச் சாப்பிடட்டும், மற்றதெல்லாம் பிறகு. மேடம் ஸவ்ஸன் உண்மையாகவே பசியோடு சாப்பிட்டாள். பிறகு விரல்களைத் துடைத்துக்கொண்டு நேராகத் தஃபீதாவைப் பார்த்தாள். இந்த வீட்டில் இன்று அவளை அப்படிப் பார்த்தது வந்தவள் ஒருத்திதான்.

"நான் இங்க வந்தது அங்கிக்காக இல்ல. அது எந்தக் கடையிலயும் கிடைக்கும். விளம்பரத்துல எனக்கு ஒரே ஒரு வசனம். 'நான் தஃபீதா.' அவ்வளவுதான். அதை நீங்க எப்படிச் சொல்வீங்கன்னு கேக்கணும். நான் யாரா நடிச்சாலும் அவங்க வாயால அவங்க பேரைக் கேட்டுட்டுத்தான் நடிப்பேன். இத்தனை வருஷமா அப்படித்தான்."

"எம் பேரையா?"

"ஆமா. ஒரு தடவை சொல்லுங்க."

தஃபீதா வாயைத் திறந்தாள்.

வரவில்லை. மனதில் இருந்தது, நாக்குக்கு வரும் வழியில் ஏதோ கனமாக மறித்தது. அக்கம்பக்கத்தில், சந்தையில், பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில், ஏன் கணவனிடமும் அவள் ஹைஸமின் அம்மாதான். தன் பெயரைத் தானே சொல்ல வேண்டிய தேவை ஒருவருக்கு வாழ்க்கையில் எத்தனை முறைதான் வருகிறது? மகன்களின் முன்னால் ஒருமுறைகூட வந்ததில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிச் சொல்வேன்னு எனக்கே தெரியலம்மா" என்றாள்.

"பரவாயில்ல. நான் யோசிச்சு வெச்சதைச் சொல்லிக் காட்டறேன். தப்பா இருந்தா சொல்லுங்க."

மேடம் ஸவ்ஸன் சால்வையைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள். தோள்கள் சுருங்கின. அவ்வளவுதான் செய்தாள், சோபாவில் பத்து வயது கூடின ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் ஏறி, விளிம்பில் நின்றது, விழவில்லை.

"நான்... தஃபீதா."

குரல் நடுவில் லேசாக உடைந்தது. பீங்கான் கோப்பையில் மயிரிழை விரிசல் விடுவது போல. ஜியாத் தலையை ஆட்டினான். நாஜியின் கண்கள் நனைந்திருந்தன.

அதைத்தான் தஃபீதா பார்த்தாள். நாஜியின் கண்களை. யாரோ ஒருத்தி அவளாக அழுததைப் பார்த்து அவள் பிள்ளை அழுகிறான். அழகாகத்தான் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. மூன்று வாரமாகக் குழாய்ச் சத்தத்தில் அவளைத் தேடி வந்துகொண்டிருந்த அந்தத் தோழி, வாசலில் பெட்டியோடு நின்றவள், இப்போது இந்த மெலிந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கப் பார்க்கிறாள். விட்டால் போய்விடுவாள். ஊர் முழுக்க, போர்டு முழுக்க, தஃபீதா என்றால் இவள் என்று ஆகிவிடும். பிறகு நாஜியேகூட அந்த வரியைப் பாடும்போது இந்த முகத்தைத்தான் நினைப்பான்.

"இல்ல" என்றாள்.

"எது இல்ல?" என்று மேடம் ஸவ்ஸன் உண்மையான ஆவலோடு கேட்டாள். கண்ணீர் அதற்குள் வற்றியிருந்தது.

"அப்படி இல்ல. எப்படின்னு சொல்லத் தெரியல. ஆனா அப்படி இல்ல." ஜியாத் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்க கம்பெனிக்குப் போன் போடு. பேரு வேணும்னா நான் வருவேன். இந்தத் தோளோட, இந்த முடியோட. ஜன்னல்கிட்ட உட்கார மாட்டேன். அழ மாட்டேன். நான் வேண்டாம்னா பேரும் கிடையாது."

"அம்மா!" என்றான் ஹைஸம். "போர்டுல உன் முகமா? கர்மூஸ் முழுக்க? நான் கடையில எப்படி உட்கார்றது?"

"இப்பவும் நீ எங்க கடையில உட்கார்றே? ஷட்டர் இறங்கித்தானே கிடக்கு."

"நான் ஒத்துக்க மாட்டேன்."

"உன்னைக் கேக்கலயேடா. அவனும் என்னைக் கேக்கல, நீயும் என்னைக் கேக்கல. அவன் கொடுத்துட்டு வந்து நின்னான், நீ பூட்டிட்டு வந்து நிக்கறே. இன்னிக்கு ஒரு நாள் நான் பேசிக்கறேன்."

ஜியாத் நாஜியைப் பார்த்தான். கம்பெனிக்காரர்கள் மாட்டோம் என்றால் ஸ்டேடியம் போகும், போர்டு போகும், மூன்று வாரமாகக் கட்டிய புது மல்ஹும் போவான். நாஜிக்கு அது தெரியும். அவன் அம்மாவைப் பார்த்தான், பிறகு தலையசைத்தான்.

"போடு" என்றான்.

ஜியாத் படிக்கட்டுக்குப் போய்ப் பேசினான். கதவுக்கு வெளியே அவன் குரல் ஏறியது, இறங்கியது, கெஞ்சியது. உள்ளே மேடம் ஸவ்ஸன் இன்னொரு மஹ்ஷியை எடுத்துக்கொண்டு, "சம்பளம் பாதி முன்னாடியே வாங்கிட்டேன், எனக்காகக் கவலைப்படாதீங்க" என்றாள் தஃபீதாவிடம். இருவரும் மெல்லச் சிரித்தார்கள்.

ஜியாத் திரும்பி வந்தபோது போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"ஆமா மேடம்... நீங்களே பேசி முடிவு பண்ணுங்க... இங்கதான் இருக்காங்க... இதோ."

பழக்க தோஷத்தில் போனை ஹைஸமிடம் நீட்டினான்.

ஹைஸம் அதைப் பார்த்தான். நாலாம் வகுப்பிலிருந்து அவன் காவல் காத்து நின்ற வாசல் அது. வாங்கி, இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். கை பாதி எழுந்தது. பிறகு அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்கிட்ட ஏன் நீட்டறே?" என்றான் கரகரத்த குரலில். "அவங்ககிட்ட கொடு."

போன் அவள் கைக்கு வந்தது. சூடாக இருந்தது. மறுமுனையில் ஒரு பெண், அவசரமும் மரியாதையும் கலந்த கெய்ரோக் குரல்.

"ஸலாம். யார் பேசறீங்க? மல்ஹோட அம்மாவா?"

ஆமாம் என்றால் போதும். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் போயிற்று. அவள் நாஜியைப் பார்த்தாள். நனைந்த கண்கள் இப்போது அவள்மேலேயே இருந்தன.

"தஃபீதா" என்றாள். ஆலை வாசலில் காலையில் பேர் கூப்பிடும்போது நான் வந்துவிட்டேன் என்று சொல்கிற தொனி. உடைசலும் இல்லை, ஈரமும் இல்லை.

சோபாவில் மேடம் ஸவ்ஸனின் உதடுகள் சத்தமில்லாமல் ஒருமுறை அசைந்து, அதே தொனியைப் பிடித்துப் பார்த்தன.

தஃபீதா அதைக் கவனித்தாள். கவனித்தபடியே போனில், "சொல்லும்மா" என்றாள். "உங்களுக்கு என்ன வேணும்?"